முழங்காலில் ஒட்டிய சிவப்பு அம்பு

என் வலது முழங்காலில் சிவப்பு அம்பு ஒட்டியது ஸ்டிக்கரக்காதான். வேறு யாரும் இல்லை. மத்தியானம் நான் கட்டிலில் அசந்திருந்த நேரம் பார்த்து, நைட்டிக்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அம்பின் முனை சரியாக வலிக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன். கோர்ட்டில் ஏற்றிக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

நேரில் பேசும்போது அவளுக்கு 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. மண்டையை உடைக்கப் போகும்போதுகூட 'ஏனுங்க, சித்த நில்லுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் உடைப்போம். எழுதும்போது அந்த மரியாதை எல்லாம் கிடையாது. கோபம் கோபமாகவே இருக்கட்டும்.

ஸ்டிக்கரக்காவைப் போல் குறை கண்டுபிடிக்கிற மனுஷி இந்தத் திருப்பூரில் பிறந்ததும் இல்லை, பிறக்கப் போவதும் இல்லை. அப்படி ஒரு குழந்தை பிறந்தாலும், இவள் முதலில் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, ஒரு காது ஏற்றம் ஒரு காது இறக்கம் என்று அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த பீஸை எல்லாம் செக்கிங் மேசையில் விரித்துப் பார்ப்பார்கள். குறை இருக்கிற இடத்தில் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நன்றாக இருந்தால் பாஸ். பிரித்துத் தைத்தால் தேறும் என்றால் ஆல்டர். எதற்கும் ஆகாது என்றால் ரிஜெக்ட். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் அக்கா செக்கிங் சூப்பர்வைசர். நான் ஓவர்லாக் டெய்லர். இருபத்திரண்டு வருஷம். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் பண்டல் ஒன்றுகூட முதல் தடவையில் அவள் மேசையைத் தாண்டியது இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கூப்பிட்டாள்.

"அம்மிணி, இங்க வா. இது என்ன?"

"தையலுங்க்கா."

"தையலா? மண்புழு ஊந்து போன தடமாட்ட இருக்குது. பிரி."

பிரித்தேன். தைத்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். "இப்ப புழு செத்த பொறகு இளுத்துட்டுப் போனமாட்ட இருக்குது. பிரி."

அவளுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. ஒரு முறை வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், வந்திருந்தார். ஆறடி உயரம், தக்காளி நிறம். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார். அந்த மனுஷன் செக்கிங் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார். குனிந்ததும் அவருடைய டீஷர்ட்டின் கழுத்துப் பட்டை அக்காவின் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. அதில் ஒரு நூல் தொங்கிக்கொண்டு இருந்தது. அவ்வளவுதான். டப் என்று அவர் பிடரியில் ஒரு அம்பு. முதலாளிக்கு முகம் வேட்டி கலருக்கு வெளுத்துப் போய்விட்டது. பையர் என்னவென்று கேட்டார். அக்கா கத்தரியை எடுத்து நூலை வெட்டிவிட்டு, "இப்ப ஓகேங்க, நீங்க போலாம்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போனார் என்று ஆபீசில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளை யார் பிடிக்க முடியும்?

ரிட்டையர் ஆகி வந்தபோது அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள். கம்பெனியில் என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். குத்துவிளக்கு வேண்டாம், ஸ்டிக்கர் போதும் என்றாளாம்.

என் தலையெழுத்து, இரண்டு பேரும் ஒரே காம்பவுண்டில்தான் குடியிருக்கிறோம். நானும் என் வீட்டுக்காரரும் கீழே. அவள் தனியாக மாடியில் ஒற்றை ரூமில். நடுவில் பதினோரு படி. குழாயும் கக்கூசும் கீழே. அவள் இறங்கி ஏறுகிற வழியில் எங்கும் அம்பு. தண்ணீர்த் தொட்டி மூடியில் அம்பு. ஓனர் வீட்டுக் கேட்டில் அம்பு. ஒரு நாள் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். இட்லியில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று தட்டில் ஒட்டித் திருப்பி அனுப்பினாள். என் வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டராக இருந்தவர். வாசலில் சேரில் தூங்கினால் சட்டையில் சுருக்கம் இருக்கிற இடத்தில் எல்லாம் அம்பு. அந்த மனுஷன் அதோடு டீக்கடைக்கும் போய்விட்டு வந்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் செக்கிங் மேசை முன்னால் நின்றவளுக்கு முழங்கால் என்ன ஆகும்? வலது கால் வில்லாக வளைந்துவிட்டது. ஒரு சக்கரம் மாட்டிக்கொண்ட டிராலி மாதிரிதான் நடப்பாள். பதினோரு படி இறங்க வேண்டும் என்றால் வெடியாலயே கிளம்பினால்தான் உண்டு. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "தொடையில் பலமே இல்லை. ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள எக்சர்சைஸ் பண்ணிக் காலைத் தேத்திக்கிட்டு வாங்க. தேறின காலோட வந்தா ஆபரேஷன் முடிஞ்சு சீக்கிரம் எழுந்து நடக்கலாம்."

அக்காவின் மகள் சாமளாபுரத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை தறி ஓட்டுகிறார். அவள் வந்து வாசலில் நின்றுகொண்டு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா, ஒண்டியா இந்த மாடியில கெடந்துட்டு எத்தன நாளைக்கு? ஆபரேஷன் முடிஞ்சு நாப்பத்தஞ்சாவது நாளு நான் வருவேன். ஆரு கையையும் புடிக்காம இந்தப் பதினோரு படி ஏறி எறங்கிக் காட்டு. இல்லீனா ரூமைக் காலி பண்ணிட்டு என்ற கூட வந்துரோணும்."

"உன்ற ஊட்டுல ராவும் பகலும் தறி டடக்கு டடக்குங்குது. என்னால தூங்க முடியாது."

"பழகீரும்."

"மருமவன் ஊட்டுல விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்ட எத்தன நாளைக்குச் சாமி ஒக்காந்திருக்கறது? இங்க என்ற சாவி என்ற இடுப்புல இருக்குது."

"பதினோரு படிம்மா. ஏறு, சாவி உன்ற இடுப்புலயே இருக்கட்டும்."

அக்கா இடுப்புச் சாவியை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவளாவது எக்சர்சைஸ் பண்ணுவதாவது, நாற்பத்தைந்தாவது நாள் மூட்டையைக் கட்டிவிடுவாள், என் தட்டும் என் வீட்டுக்காரர் சட்டையும் தப்பித்தது என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கேசரி கிண்டினேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். சும்மா என்றேன்.

கேசரி ஆறுவதற்குள் மாடியிலிருந்து குரல் வந்தது.

"அம்மிணி! மேல வா. எக்சர்சைஸ் எண்றதுக்கு ஒரு ஆளு வேணும்."

"என்னை எதுக்குங்க்கா?"

"மத்தவளுக எல்லாம் பாவம் பாத்து ஏழு தடவையப் பத்தும்பாளுக. நீ என்ற மேல கோவத்துல இருக்கற. ஒண்ணுகூட சேத்திச் சொல்ல மாட்ட."

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் 'இங்க வா' என்றால் எழுந்து போய்ப் பழகிய கால், என்னைக் கேட்காமலேயே படியேறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பர் கொடுத்திருந்தார்கள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்துக் கீழே அமுக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். மல்லாக்கப் படுத்துக் காலை மடக்காமல் தூக்க வேண்டும். குதிகாலைப் பின்னால் இழுத்து முழங்காலை மடக்க வேண்டும். சேரில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். அக்காவுக்கு மட்டும் வேறு மாதிரி புரிந்தது.

கம்பெனியில் எந்த ஆர்டர் ஆனாலும் முதலில் ஒரு சாம்பிள் தைத்து பையர் ஓகே வாங்குவார்கள். அப்புறம் வருகிற அத்தனை பீஸும் அந்தச் சாம்பிள் மாதிரியே இருக்க வேண்டும். அளவு அரை இஞ்சு கூடலாம், அரை இஞ்சு குறையலாம். அதைத் தாண்டினால் ரிஜெக்ட். அக்கா என்ன செய்தாள்? நல்ல காலான இடது காலைச் சாம்பிள் ஆக்கிவிட்டாள். அதைத் தூக்கி இஞ்சு டேப்பில் அளக்கச் சொன்னாள். பதினாலு இஞ்சு. அந்தக் காலில் வட்டமான 'பாஸ்' ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினாள். அப்புறம் வலது காலைத் தூக்கினாள்.

"எத்தன?"

"ஏழுங்க்கா."

"ரிஜெக்ட். எண்ணாத."

மறுபடி தூக்கினாள். எட்டு. ரிஜெக்ட். ஆறரை. ரிஜெக்ட். ஒரு தடவை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது வந்தது. நான் இரக்கப்பட்டு, "ஆல்டர்ன்னு போட்டுக்கலாமுங்களா?" என்றேன். படுத்திருந்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இந்தப் புத்தி இருந்துதான் உன்ற பண்டல் பூராத் திரும்பி வந்துச்சு."

பத்துத் தடவை பாஸ் ஆகிற வரைக்கும் தூக்கினால் என்ன ஆகும்? மூன்று நாள் இப்படி. நூறு, நூற்றைம்பது தடவை தூக்கியிருப்பாள். பாஸ் ஆனது ஒன்றுகூட இல்லை. நான்காம் நாள் முழங்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. குழாய்க்குக்கூட இறங்க முடியவில்லை. நான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். குடத்தில் ஒரு நசுங்கல் இருந்தது. அதில் அம்பு ஒட்டினாள்.

வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு பிசியோதெரபிப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். உள்ளே வந்ததும் காலைப் பார்த்துப் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னத்தம்மா செஞ்சி வச்சிருக்கிய? வீங்கிப் போயில்லா கெடக்கு! பத்துத் தடவன்னுதான பேப்பர்ல எழுதியிருக்கு?"

"பத்து பாஸ் ஆகோணுமில்லீங்க?"

"பாஸா?"

நான் விளக்கினேன். சாம்பிள், டேப், அரை இஞ்சு எல்லாம். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அதட்டினாள்.

"இப்பிடியே வீங்க வச்சிட்டுப் போனா டாக்டர் தேதியத் தள்ளிப் போட்டுருவாரு, சொல்லிட்டேன். கெட்ட கால நல்ல காலோட அளந்தா எப்பிடி? நீங்க நேத்து எவ்வளவு தூக்குனியளோ, அதாம் இன்னைக்கிச் சாம்பிள். நேத்தவிட ஒரு நூலு கூடுனாப் போதும். ரெண்டு நாளு ஐஸ் வையுங்க. அப்புறம் பத்தே பத்து. பதினொண்ணு தூக்குனாலும் ரிஜெக்ட்."

அக்கா யோசித்தாள். "சாம்பிளை மாத்தறீங்களா?"

"ஆமா, மாத்துதேன்."

"நீங்க பையருங்களா?"

"என்னம்மா?"

"சாம்பிளை மாத்தற அதிகாரம் பையருக்குத்தானுங்க. நீங்க பையருன்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அந்தப் பெண் ஒரு அட்டையில், 'சாம்பிள்: நேற்றைய கால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அக்கா அதை ஓட்டை போட்டு நூல் கோத்து ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏழு ஏழே கால் ஆனது. ஏழே கால் ஏழரை ஆனது. கால் இஞ்சு கூடினால் போதும், 'பாஸ்' என்று அவள் கத்துகிற சத்தத்தில் எதிர் மில்லில் நூல் அறுந்திருக்கும்.

ஆனால் ஒன்று. வேளை தவறக் கூடாது. பத்து மணி செட் என்றால் பத்து மணிக்கு. ஒரு நாள் ரத்தப் பரிசோதனைக்கு டவுன் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து மணிக்குப் பஸ் பாதி வழியில் இருந்தது. திடீரென்று முன் கம்பியைப் பிடித்து எழுந்தாள். கண்டக்டர் இறங்கப் போகிறாள் என்று விசில் ஊதினார். பஸ் நின்றது. அவள் உட்கார்ந்தாள். கண்டக்டர் இரண்டு விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. அவள் எழுந்தாள். விசில். பஸ் நின்றது. உட்கார்ந்தாள். இரண்டு விசில். இப்படி நான்கு தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த அம்மா யாரோ எவரோ என்கிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, எறங்கறீங்களா இல்லீங்களா?"

"குறுக்க பேசாதீங்க சாமி. எண்ணீட்டு இருக்கறனுங்க. அம்மிணி, எத்தன ஆச்சு?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. "நாலுங்க்கா" என்றேன். வேறென்ன செய்ய?

"ஆபரேஷனுக்குங்க" என்று அவள் சொன்னதும் கண்டக்டருக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் விழுந்து தொலைத்தால் அவருக்கல்லவா வம்பு? அடுத்த ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, "மிச்சம் ஆறையும் இங்கயே முடிச்சுக்கங்க" என்று நின்றார். ஐந்து, ஆறு, ஏழு என்று பஸ்ஸே சேர்ந்து எண்ணியது. பின் சீட்டில் இருந்த வடநாட்டுப் பையன்கள் இந்தியில் எண்ணினார்கள். பத்து முடிந்ததும் கை தட்டினார்கள். இறங்கும்போது அவள் கண்டக்டரின் பையில் ஒரு அம்பு ஒட்டிவிட்டு இறங்கினாள். ஜிப் போயிருந்ததாம்.

ஆபரேஷன் நாள் வந்தது. நானும் மகளும் கூட இருந்தோம். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற நேரம் நர்ஸ் ஓடி வந்தார். வலது முழங்காலில் அம்பு. இடது முழங்காலில் 'பாஸ்'. டாக்டர் சிரித்தபடி, "எந்தக் கால்னு நாங்களே மார்க் பண்ணிருவோம்மா" என்றார்.

"நீங்க பண்றதப் பண்ணுங்க சாமி. என்ற செக்கிங் தனி."

ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடியதும் மகள் அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கண்ணில் தூசி. ஆஸ்பத்திரிக்காரர்கள் சரியாகக் கூட்டுவதில்லை.

மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். தேற்றிய தொடை வேலை செய்தது. டாக்டருக்கே சந்தோஷம். இதுவரைக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. அடுத்து நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

கட்டைப் பிரித்தபோது அக்கா தலையணையிலிருந்து எம்பி எம்பித் தையலைப் பார்த்தாள். கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். விரலால் தொடாமல் காற்றிலேயே தடவிப் பார்த்தாள். நான் டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தாளுக்கு மட்டும் தெரியவில்லை, தான் எவ்வளவு பெரிய பரீட்சையில் நிற்கிறோம் என்று.

"இஞ்சுக்கு எத்தன தையலுங்க?"

"எண்ணலீங்கம்மா" என்றார் டாக்டர்.

"பரவால்லீங்க. நேரா வந்திருக்குது. நூலும் தொங்கல. பாஸ்."

பாஸ்! முதல் பார்வையிலேயே பாஸ்! இருபத்திரண்டு வருஷம் குனிந்த தலை நிமிராமல் தைத்தவள் நான் அங்கேயே நிற்கிறேன். முன்னே பின்னே தெரியாத ஒரு மனுஷன், வாழ்க்கையில் ஒரு பனியன் தைத்திருக்க மாட்டான், அவனுக்கு பாஸ். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கலக்கி வைத்த ஹார்லிக்ஸை நானே குடித்துவிட்டேன்.

அந்த ஆத்திரத்தோடுதான் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். டிஸ்சார்ஜ் அன்று மகள், "இப்பப் படி ஏற முடியாது, நேரா சாமளாபுரம் போயரலாம்" என்றாள். அக்கா இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டு இருந்தாள். "எங்க ஊட்டுலயே கீழ இருக்கட்டுங்க" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். பேசியது நான்தான்.

ஆறு வாரம் என் வீட்டு முன் ரூமில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். படுத்தபடியே என் சமையல், என் கோலம், நான் துணி மடிக்கிற விதம் எல்லாவற்றுக்கும் அம்பு. நானும் விடவில்லை. காலை மடக்கு, நீட்டு, நட என்று விரட்டினேன். வலிக்குது அம்மிணி என்பாள். "எனக்குக்கூட பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறப்ப வெரல் வலிச்சுதுங்க்கா, மடக்குங்க" என்பேன். நன்றாக இருந்தது அந்த ஆறு வாரம். பழி வாங்குகிற சுகத்தைச் சொல்கிறேன்.

நாற்பத்தைந்தாவது நாள் மகள் வந்தாள். காலிப் பை இரண்டு கொண்டு வந்திருந்தாள், சாமான் கட்ட. காம்பவுண்டே கூடிவிட்டது. அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு படிக்கு முன்னால் நின்றாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று அந்தத் தூத்துக்குடிப் பெண் சொல்லிக் கொடுத்ததை வாய்க்குள் முணுமுணுத்தாள்.

ஒன்று. இரண்டு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்று. நான்கு. ஐந்து. ஆறாவது படியில் நின்றுவிட்டாள்.

நின்றவள் நகரவே இல்லை. தலை குனிந்து இருந்தது. மகள் ஒரு அடி முன்னால் வைத்தாள். "ஆரும் கிட்ட வராதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் ஓனர் வெளியே வந்துவிட்டார். இவள் போய்விட்டால் நிம்மதி என்று கேசரி கிண்டியவள் நான். அந்தக் கேசரி அப்போது நெஞ்சில் வந்து அடைத்தது. 'ஏறித் தொலைங்க்கா, ஏறித் தொலைங்க' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அக்கா மெதுவாக இடுப்பில் கையை விட்டாள். சாவியை எடுக்கிறாள், மகளிடம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுத்தது சாவி இல்லை. ஸ்டிக்கர் ரோல். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புது முழங்காலை மடக்கிக் குனிந்து, எட்டாவது படியின் விளிம்பில் சிமென்ட் பெயர்ந்திருந்த இடத்தில் ஒரு அம்பு ஒட்டினாள். நிமிர்ந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. மேலே போய்த் திரும்பி நின்று, "ஓனருங்க, அது ஆல்டர். நாளைக்கே பூசீருங்க" என்றாள். பிறகு ஆபரேஷன் காலை முன்னால் வைத்து, டிராலி மாதிரி இல்லாமல் மனுஷி மாதிரி, பதினோரு படியும் இறங்கி வந்தாள்.

மகள் காலிப் பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். நான் அவளுடைய போர்வையையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு மேலே போய் வைத்துவிட்டு இறங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. கீழே நின்றவள் எல்லாரையும் விட்டுவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மிணி, நண்டாட்டம் சைடு வாங்கிட்டு எறங்கற. ஆறு வாரமாப் பாக்கறேன், ஆட்டாங்கல்லைப் புடிக்காம உன்னால கீழ இருந்து எந்திரிக்க முடியல. எத்தன நாளா வலிக்குது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க்கா."

மறுநாள் மத்தியானம்தான் அந்த அம்பு. ஓவர்லாக் மிஷினை இருபத்திரண்டு வருஷம் மிதித்த முழங்கால். வீட்டுக்காரருக்கே தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். கத்தியென்றால் எனக்கு அவ்வளவு பயம். அவள் ஒரு ஸ்டிக்கரில் ஊருக்கே காட்டிவிட்டாள். அவளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே டாக்டர், அதே ஆறு வாரம். இப்போது தினமும் காலையில் ஆறு மணிக்குப் பதினோரு படியும் இறங்கி, இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறாள். நான் தூக்குகிறேன். அவள் அளக்கிறாள். "நேத்து எட்டு, இன்னைக்கு ஏழே முக்கா. ரிஜெக்ட்." பத்தோடு விட்டுவிடுகிறாள். 'நேற்றைய கால்' என்ற அந்த அட்டையை இப்போது என் கட்டிலில் கட்டி வைத்திருக்கிறாள்.

இன்னும் இரண்டு வாரத்தில் எனக்கு ஆபரேஷன். அதற்கு முன்னால் எனக்குக் கணக்குத் தீர வேண்டும். ஸ்டிக்கரக்கா, இந்தப் பத்திரிகையை நீங்கள் எழுத்துக் கூட்டி, எழுத்துப் பிழைக்கு அம்பு ஒட்டி ஒட்டித்தான் படிப்பீர்கள். படித்துவிட்டு இதே பத்திரிகையில், எல்லாரும் பார்க்கிற மாதிரி பதில் எழுதுங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் தைத்ததில் ஒரு தையல்கூட நேராக இல்லையா? அந்த டாக்டரை எந்தக் கணக்கில் முதல் பார்வையிலேயே பாஸ் போட்டீர்கள்? அப்புறம், என் காலில் கட்டைப் பிரிக்கிற அன்றைக்கு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தையலை முதலில் குனிந்து பார்க்கப் போவது நீங்கள்தானே? வாயில் சொன்னால் செல்லாது. எழுத்தில் வேண்டும், கையெழுத்தோடு.